சக்கரமும் எழுத்தும்

உலகத்து உயிர்களை நிலைத்திணை என்றும் இயங்குதிணை என்றும் நம் முன்னோர் பகுத்தனர். மரம் நிலைத்திணை, மாந்தர் இயங்குதிணை. ஆயினும் நாட்டுப்புறப் பெண்களிற் பலர் நெடுங்காலம் நிலைத்திணையாகவே வாழ்ந்தனர் என்று நான் சொன்னால் நேயர்கள் பொறுத்தருள வேண்டும்.

1991-ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கிற்று. எழுத்தறிவிக்க வந்த அவ்வியக்கம் பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டவும் கற்பித்தது. மாவட்ட ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையார் அதற்கு ஊக்கமளித்தார். வயற்கூலிகளும் கல்லுடைப்போரும் பயில வந்தனர். பெண்களுக்கென்று செய்த வண்டிகள் போதவில்லை. குறுக்குத் தண்டுள்ள ஆண்கள் வண்டியிலேயே ஏறிவிட்டனர். அத்தண்டிற் குழந்தையை உட்கார்த்தலாம் என்று கண்டபின் சிலர் அதையே விரும்பிக் கேட்டனர். தேநீர்க் கடைகளில் எழுந்த நகைப்பை நான் விவரிக்க வேண்டியதில்லை. 1992-இல் மகளிர் தினத்தையொட்டி 1,500-க்கு மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டையில் மிதிவண்டியில் அணிவகுத்தனர்.

இதனாற் கூலி உயர்ந்ததா என்று கேட்போர் உண்டு. சமுதாய ஏற்றத்தைப் பணத்தால் மட்டும் அளப்போர் அவர்கள். பேருந்துக்குக் காத்திருந்த பொழுது மிச்சமாயிற்று. நிறுத்தம்வரை கொண்டுவிடக் கணவனோ தமையனோ வரவேண்டும் என்ற கட்டு அவிழ்ந்தது. இவை சிறியனவா?

அம்மாவட்டத்தில் ஆசிரியனாயிருந்த நான் வேறொன்றும் கண்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற பெண்ணை மேலே படிக்க வைக்கச் சொல்லி வீடு வீடாகச் செல்வோம். "நாலு மைல் போகணுமே, யாருங்க சார் கூட்டிப் போறது?" என்பதே விடை. பிற்பாடு அத்தாய்மாரிற் சிலர், மகளை முன்தண்டில் ஏற்றிக்கொண்டு தாமே வந்து, சேர்க்கை விண்ணப்பத்தில் தம் பெயரை எழுத்துக் கூட்டிக் கையெழுத்திட்டனர். அவ்விடத்தில் தகப்பனாரின் பெருவிரல் ரேகையையே பார்த்துப் பழகியிருந்தேன். மைப்பெட்டியை எடுத்து மேசையறைக்குள் வைத்தேன்.