அயல்நாட்டுக் கல்வியும் அமைதிப் பள்ளத்தாக்கும்

(உரையின் எழுத்து வடிவம்)

அயல்நாடு சென்று உயர்கல்வி பெறும் மாணவர் தாய்நாட்டிற்கு எதைக் கொண்டுவருகிறார்? பட்டத்தையா, பதவிக்கான தகுதியையா, அல்லது தம் மண்ணை ஆராயும் ஒரு புதிய பார்வையையா? ஆண்டுதோறும் பல இலட்சம் இந்திய மாணவர்கள் கடல் கடந்து செல்லும் இந்நாளில் இக்கேள்வி சிந்திக்கத்தக்கது. தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாளின் வாழ்வு இதற்குத் தெளிவான விடை தருகிறது.

மிச்சிகனில் மாணவி

1897-ஆம் ஆண்டு தலைச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள், சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். 1921-ல் தாவரவியலில் ஆனர்ஸ் பட்டம் பெற்று, மகளிர் கிறித்துவக் கல்லூரியில் ஆசிரியப் பணியை மேற்கொண்டார். அப்போது அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் வழங்கிய பார்பர் உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது. ஆசியப் பெண்களுக்கென 1917-ல் ஏற்பட்டது இந்நிதி. மேலைநாட்டுக் கல்வியில் நல்லவற்றைக் கற்று, அவற்றைத் தம் மக்களிடம் எடுத்துச் செல்ல வேண்டும் என்பதே இதனை நிறுவியவரின் கருத்து. ஆகவே தாய்நாடு திரும்புதல் இவ்வுதவியின் நோக்கத்திலேயே அடங்கியிருந்தது.

பட்டுச் சேலையுடன் வந்திறங்கிய அவரை நியூயார்க் எல்லிஸ் தீவில் குடியேற்ற அதிகாரிகள் தடுத்து வைத்தனர் என்றும், இந்திய இளவரசி என்று கருதியே பின்னர் அனுமதித்தனர் என்றும் கூறுவர். மிச்சிகனில் அவர் கற்றது உயிரணு மரபியல். செடியின் உயிரணுவிலுள்ள குரோமோசோம்களை நுண்ணோக்கியில் எண்ணி, அதன் வம்சாவளியை அறியும் கலை அது. முதுகலைப் பட்டத்துடன் சென்னை திரும்பிச் சிலகாலம் கற்பித்த பின், மீண்டும் மிச்சிகன் சென்று 1931-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

கோவையில் கரும்பு ஆராய்ச்சி

திருவனந்தபுரத்தில் இரண்டாண்டுகள் பேராசிரியராக இருந்த அவர், 1934-ல் கோவைக் கரும்பு இனவிருத்தி நிலையத்தில் மரபியல் அறிஞராகச் சேர்ந்தார். 1912-ல் தோன்றிய அந்நிலையம், பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் அமைந்துள்ளது. கரும்பு நன்கு பூக்கும் தட்பவெப்பம் அங்குண்டு. பூவின்றிக் கலப்பினம் இல்லை.

சாறு மிகுந்த தடித்த கரும்பு வட இந்தியக் குளிரையும் வறட்சியையும் தாங்குவதில்லை. நாணல் எனப்படும் காட்டுப்புல் இரண்டையும் தாங்கும். ஆனால் அதில் இனிப்பு இல்லை. இவ்விரண்டையும் கலந்து புதிய இரகங்கள் உருவாக்கும் பணி அங்கே ஏற்கெனவே நடந்து வந்தது. கலப்பில் எச்செடியின் குரோமோசோம்கள் எவ்வளவு சேர்ந்தன என்பதை எண்ணிக் காட்ட, மிச்சிகனில் பெற்ற பயிற்சி துணைசெய்தது. கரும்பைச் சோளம், மக்காச்சோளம் போன்ற வேற்றினங்களுடன் கலந்தும் அவர் ஆராய்ந்தார்.

1939-ல் இங்கிலாந்து சென்ற அவர், போர் மூண்டதால் அங்கேயே தங்கிப் பணியாற்றினார். டார்லிங்டனுடன் இணைந்து எழுதிய பயிர்களின் குரோமோசோம் தொகுப்பு நூல் 1945-ல் வெளியாயிற்று. அங்கே தொடர்ந்து வாழ வாய்ப்பிருந்தும், பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று 1951-ல் தாயகம் திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறையைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார்.

பாலக்காட்டு மலைக்காடு

அக்கல்வியின் இறுதிச் சோதனை பாலக்காடு மாவட்டத்து அமைதிப் பள்ளத்தாக்கில் நிகழ்ந்தது. அங்கே குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டி 120 மெகாவாட் மின்சாரம் பெறும் திட்டத்திற்கு 1973-ல் திட்டக் கமிஷன் ஒப்புதல் அளித்தது. தேவை பொய்யானதன்று. அன்று கேரளம் நீர்மின்சாரத்தையே நம்பியிருந்தது. இடுக்கியில் பெரியாற்றின் மீது எழுந்த வளைவு அணை 1976-ல் மின்சாரம் வழங்கத் தொடங்கி, மாநிலத்தின் முதுகெலும்பாயிற்று. அத்தகைய நன்மை மலபார்ப் பகுதிக்கும் வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானதே.

ஆனால் நீரில் மூழ்கவிருந்த காட்டின் மதிப்பை யார் கணக்கிட்டிருந்தார்கள்? மெகாவாட்டிற்குக் கணக்கு இருந்தது, மரங்களுக்கு இல்லை. எண்பது வயதைக் கடந்த ஜானகி அம்மாள், அங்குள்ள மரங்களின் குரோமோசோம்களை ஆராய முற்பட்டார். இளமையில் மிச்சிகனில் கற்ற அதே முறை, முதுமையில் தம் சொந்த மலைநாட்டிற்குப் பயன்பட்டது. கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தும் கவிஞர்களும் விஞ்ஞானிகளும் எழுப்பிய குரலுடன் அவரது குரலும் சேர்ந்தது. 1983-ல் அணைத்திட்டம் கைவிடப்பட்டது. 1984 பிப்ரவரியில் அவர் மறைந்தார். அவ்வாண்டு நவம்பரில் அப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதனை அவர் காணவில்லை.

கற்க வேண்டிய பாடம்

அயல்நாட்டுக் கல்விக்குச் செலவிடும் பணத்தின் பயனைச் சில ஆண்டுகளில் அளந்துவிட இயலாது. மிச்சிகனில் விதைத்தது கோவையில் முளைத்து, ஐம்பது ஆண்டுகள் கழித்துப் பாலக்காட்டில் பலன் தந்தது. மாணவர் திரும்பி வந்தால் மட்டும் போதாது. அவர் கற்றதைப் பயன்படுத்தும் ஆய்வுக்கூடமும் பொறுப்பும் இங்கே காத்திருக்க வேண்டும். கோவை நிலையம் இல்லாதிருப்பின் அவரது பட்டம் சுவரில் தொங்கும் ஏடாகவே நின்றிருக்கும். மாணவர் செய்யவேண்டியது ஒன்று: எங்குக் கற்பினும் தம் நாட்டு வினாவை மனத்தில் கொண்டு கற்றல். அதிகாரிகள் செய்யவேண்டியது ஒன்று: திட்டத்தில் கையொப்பமிடுமுன், அவ்வாறு கற்று வந்தவரை அழைத்துக் கேட்டல்.