விளையாட்டுப் பயிற்சியும் பூப்பும்

(சங்கக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இவ்விஷயத்தைச் சபையிலே பேசலாமா என்று சிலர் தயங்கினர். பேசத்தான் வேண்டும். பெண்பிள்ளை சாமத்தியப்பட்டால் ஊரழைத்துச் சடங்கு செய்யும் நாம், அது காலந்தாழ்ந்தால் வாய் திறப்பதில்லை.

1976ஆம் ஆண்டு மொன்றியல் ஒலிம்பிக்கிலே நாடியா கொமனேச்சி என்னும் றுமேனியச் சிறுமி ஜிம்னாஸ்ரிக் போட்டியிற் பத்துக்குப் பத்துப் புள்ளி பெற்றாள். வயது 14. பத்தைக் காட்டப் பலகையில் இடமின்றி 1.00 என்றே காட்டினார்கள்! அக்காலந்தொட்டு, சிறிய, மெலிந்த, பருவமெய்தாத தேகமே இவ்வித்தைக்கு உகந்தது என்ற எண்ணம் பயிற்றுநர் பலரிடம் வேரூன்றிற்று. சர்வதேசச் சம்மேளனம் குறைந்த வயதை 1981இல் 15 ஆகவும், 1997இல் 16 ஆகவும் உயர்த்தியது.

பயிற்சிதானா பூப்பைப் பிந்தச் செய்வது? அமெரிக்க விஞ்ஞானி றோஸ் பிரிஷ் அம்மையாரும் குழுவினரும் நீச்சலிலும் ஓட்டத்திலும் ஈடுபட்ட 38 கல்லூரி மாணவியரை ஆராய்ந்து, பூப்புக்கு முன் பயின்ற ஒவ்வோராண்டுக்கும் பூப்பு ஐந்து மாதம் பிந்தியதாக 1981இல் வெளியிட்டனர். ஆனால், இயல்பாகவே பிந்திப் பருவமெய்தும் ஒல்லியான பிள்ளைகள்தாம் இவ்விளையாட்டுகளில் நிலைக்கிறார்களோ என்று வேறு அறிஞர் வினவினர். நியாயமான வினா. வலைப்பந்தாடியதால் ஒரு பிள்ளை நெடிதாக வளர்ந்தாள் என்று எவரும் சொல்லார். நெடியவள் என்றபடியால் அணியிற் சேர்த்தோம்.

ஆன் லவுக்ஸ் என்பவர் வளர்ந்த பெண்களிடம் நடத்திய பரிசோதனைகளே எமக்குத் தெளிவு தருகின்றன. கடுமையாக உழைத்தும் அதற்கேற்ப உண்டவர்களுக்கு மூளையின் கட்டளைவழி கபச்சுரப்பி விடும் ஓமோன் ஒழுங்கு கெடவில்லை. உணவு வெகுவாகக் குறைந்தபோதோ ஐந்தே நாளிற் குழம்பிற்று. வருவாய் குன்றினால் அடுப்பெரிவதை முதலிற் பார்த்து, வீடுகட்டும் வேலையை நிறுத்திவைப்போமல்லவா? தேகமும் அவ்வாறே செய்கிறது. ஆகவே குற்றம் ஓட்டத்திலன்று, அரைவயிற்றிலே.

பிந்தினால் என்ன என்று கேட்பீர்கள். எலும்பு தன் கனத்தின் பெரும்பங்கைச் சேர்ப்பது இப்பருவத்திலேதான். ஈஸ்திரோஜன் குறைந்தால் அச்சேமிப்புக் குறைந்து, பயிற்சியின்போதே எலும்பில் வெடிப்பு உண்டாகலாம். பின்னாளில் மாத்திரைகொண்டு முழுதும் ஈடுசெய்தல் அரிது.

ஆண்பிள்ளைகளுக்கு ஆபத்துக் குறைவு. எனினும் நிறை குறைக்கப் பட்டினி கிடக்கும் மல்யுத்த மாணவரிடம் ஆண் ஓமோன் தாழ்ந்து, போட்டிக்காலம் முடிந்தபின் மீண்டும் ஏறியதைக் கண்டிருக்கிறார்கள்.

“மெலிந்தால் இன்னும் வேகமாக ஓடுவாய்” என்று சொல்லும் பயிற்றுநரை நாம் மெச்சுவதற்கில்லை. ஓடவேண்டாமென்று மகளை மறிக்கும் தாய்மாரோடும் எமக்கு உடன்பாடில்லை. பதினைந்து வயதாகியும் பூப்பெய்தாதவளையும், பூப்பெய்தியபின் மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் காணாதவளையும் வைத்தியரிடம் காட்டுங்கள். பயிற்சிநாளிற் காலையில் என்ன சாப்பிட்டாய் என்று அவர் கேட்பார். “வெறுந் தேநீர்” என்று பிள்ளை சொல்லும்போது தாயாரும் பக்கத்தில் இருத்தல் நன்று. பயிற்றுநரும் இருந்தால் இன்னும் நன்று.