எழுத்துப் பிழையைப் படிப்பது எப்படி?

(குறுவள மையக் கூட்டமொன்றில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒருத்தி சொல்வதை எழுதுதல் நோட்டில் ஐந்து சொற்கள் எழுதியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம்: கொடை, எலை, வாளைப்பளம், கன்ரு, முயற்ச்சி. குடை, இலை, வாழைப்பழம், கன்று, முயற்சி என்று எழுதியிருக்க வேண்டும். ஐந்தையும் சிவப்பு மையில் வட்டமிட்டு, "ஒவ்வொன்றையும் பத்து முறை எழுதி வா" என்று சொல்வது நெடுங்காலப் பழக்கம். ஐந்தும் பிழைதான். ஆனால் அவற்றின் காரணங்கள் வேறுவேறு.

எண்ணும் எழுத்தும் வகுப்பில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பார்க்கப் பழகியவர்கள் நாம். அதே கண்ணோடு பிழைகளையும் பிரித்துப் பார்க்கலாம் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

முதலில் 'கொடை', 'எலை'. நாம் வீட்டில் எப்படிப் பேசுகிறோம்? கொட, எல, ஒடம்பு, எடம், வெளக்கு, வெறகு, கொழந்த. இகரம் எகரமாகவும் உகரம் ஒகரமாகவும் மாறுவது நம் பேச்சின் இயல்பு. அந்தக் குழந்தை தன் காதில் விழுந்ததை ஒழுங்காக எழுதியிருக்கிறாள். சொல்லப்போனால், பேச்சில் இல்லாத ஐகாரத்தைக் கடைசியில் சரியாகச் சேர்த்தும் இருக்கிறாள். அவளுக்குப் பத்து முறை எழுதும் வேலை தேவையில்லை. பேசும்போது ஒரு மாதிரி, எழுதும்போது ஒரு மாதிரி என்பது தெரிந்தால் போதும். கரும்பலகையில் நடுவே ஒரு கோடு போட்டு, ஒரு பக்கம் 'வீட்டில்', மறுபக்கம் 'புத்தகத்தில்' என்று எழுதிப் பாருங்கள். ஒலக்க – உலக்கை, மொகம் – முகம் என்று பிள்ளைகளே சொற்களைக் கொண்டு வந்து குவிப்பார்கள். வீட்டுப் பேச்சைத் தவறு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது அவர்கள் அம்மாவின் பேச்சு.

'வாளைப்பளம்' வேறு வகை. இங்கே நம் வாயையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. நாம் 'பளம்' என்று சொல்லிவிட்டுக் குழந்தை 'பழம்' என்று எழுத வேண்டுமென எதிர்பார்ப்பது நியாயமில்லை. ல சொல்லும்போது நாக்கு நுனி மேல்பல்லின் பின்புறத்தைத் தொடும். ள சொல்லும்போது நாக்கு மடிந்து மேலண்ணத்தைத் தொடும். ழ சொல்லும்போது நாக்கு மேல்நோக்கி வளையும், ஆனால் எதையும் தொடாது. இதைப் பிள்ளைகளைச் செய்து பார்க்கச் சொன்னால் வகுப்பில் ஒரே சிரிப்பாக இருக்கும். இருக்கட்டும். சொல்வதை எழுதுதல் நடக்கும் அந்தப் பத்து நிமிடமாவது நாம் ழகரத்தைத் திருத்தமாகச் சொல்லலாம்.

ல, ள ஐயத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. சொல்லைக் கொஞ்சம் நீட்டிப் பார்ப்பது. பல் என்பது பற்கள், பற்பசை என்று ஆகிறது. முள் என்பது முட்கள் ஆகிறது. ற் வந்தால் ல், ட் வந்தால் ள். நான்காம் வகுப்புக்கு இது ஒரு துப்பறியும் விளையாட்டு.

'கன்ரு', 'முயற்ச்சி' இரண்டும் விதியால் தீர்பவை. பிள்ளைகள் மூன்று சுழி ண, இரண்டு சுழி ன என்று கேட்டே பழகியிருக்கிறார்கள். அந்தப் பெயர்கள் வடிவத்தை மட்டும் சொல்கின்றன. டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் என்ற பழைய பெயர்களுக்குள் விதியே இருக்கிறது. ட-வுக்கு முன் ண் (வண்டி), ற-வுக்கு முன் ன் (கன்று), த-வுக்கு முன் ந் (பந்து). ன் வந்துவிட்டால் அடுத்து ரகரமா றகரமா என்று யோசிக்கவே வேண்டாம். அதேபோல ற் என்ற ஒற்றுக்குப் பின் இன்னொரு ஒற்று வராது. எனவே முயற்சி, பயிற்சி, வளர்ச்சி. ர் வந்தால் பின்னால் ச் வரலாம், ற் வந்தால் வராது. தெருவில் வைக்கும் பதாகைகளில்கூட 'பயிற்ச்சி' என்று பார்க்கிறோம். உயர்நிலை வகுப்பு ஆசிரியர்கள் இதற்கு இரண்டு நிமிடம் ஒதுக்கினால் போதும். வல்லினம் மிகும் இடங்களைத் தொடக்க வகுப்பில் தொட வேண்டாம் என்பது என் கருத்து. அதற்கெல்லாம் காலம் இருக்கிறது.

மிஞ்சுவது கரை – கறை, அரை – அறை போன்றவை. இவற்றுக்குப் பொருளோடு சேர்ந்த நினைவுதான் துணை. இரண்டையும் ஒரே நாளில் அருகருகே வைத்துக் கற்பித்தால் குழந்தை இரண்டையும் குழப்பிக்கொள்கிறது. ஆற்றங்கரை, கடற்கரை, கரையேறினான் என்று ஒன்று நன்றாக ஊன்றிய பிறகு, சில வாரம் கழித்துச் சட்டையில் பட்ட கறைக்கு வரலாம்.

திருத்தும்போது சரியான எழுத்துகளையும் எண்ணுங்கள். 'வாளைப்பளம்' ஆறு எழுத்து. நான்கு சரி. இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், என் வகுப்பில் ஒரு பையன் 'எங்கள் ஊர்' என்ற தலைப்பில் "எங்கள் ஊரில் குளம் உள்ளது" என்று ஒரு வரியோடு நிறுத்திவிட்டான். அவன் ஊரில் இருப்பது பெரிய கண்மாய். அதில் மீன் பிடித்ததை வாயால் அரைமணி நேரம் சொல்வான். கேட்டபோது, "கண்மாய்க்கு எந்த ண-னு தெரியல டீச்சர், அதான் குளம்னு போட்டேன்" என்றான். சிவப்பு வட்டத்துக்குப் பயந்து கண்மாயையே விட்டுவிட்டான். இப்படித் தெரிந்த சொற்களுக்குள்ளேயே ஒதுங்கும் பிள்ளைகள், எட்டாம் வகுப்பில் அறிவியல் விடையையும் மூன்று சொல்லில் முடித்துவிடுகிறார்கள்.

இனி வீடு. "எனக்கே எழுதத் தெரியாதே டீச்சர்" என்று சொல்லும் அம்மாக்களும் உதவ முடியும். மளிகைச் சீட்டைப் பிள்ளை எழுதட்டும்: உளுந்து, மிளகாய், வெந்தயம், எண்ணெய். எழுதி முடித்ததும் ஒவ்வொரு எழுத்திலும் விரல் வைத்து வாசித்துக் காட்டச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். 'மிளகா' என்று எழுதிவிட்டு 'மிளகாய்' என்று வாசிக்கும்போது விரல் வைக்க ஓர் எழுத்துக் குறையும். பிள்ளையே கண்டுபிடித்துவிடும். வீட்டில் தாத்தா பாட்டி எழுதிக் கொடுத்தால் லை, ளை, ணை எழுத்துகளில் யானைக் கொம்பு வரும். 1978-இல் தமிழக அரசு எழுத்தைச் சீர்திருத்துவதற்கு முன் படித்தவர்கள் அவர்கள். அதைத் தப்பென்று சொல்லாமல், "தாத்தா காலத்து எழுத்து" என்று பிள்ளைக்குக் காட்டிவிடலாம். பெற்றோர் கூட்டத்தில் நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே ஒன்று: எழுத்துப் பிழைக்காகப் பிள்ளையை அடிக்காதீர்கள்.

நீங்கள் கொண்டுவந்திருக்கும் நோட்டுகளை இப்போது எடுங்கள். ஒவ்வொரு குழுவும் ஒரு நோட்டிலிருந்து இருபது பிழைகளை எடுத்து, பேச்சு, உச்சரிப்பு, விதி, நினைவு என்று நான்காகப் பிரித்துப் பார்ப்போம். எதிலும் அடங்காதது வந்தால் தனியாக எழுதி வையுங்கள். அதைப் பற்றித் தேநீருக்குப் பிறகு பேசலாம்.