தாயகத்தில் எழும் வீடுகளும் உள்ளகக் காற்றின் தூய்மையும்

(இலண்டன் வாழ் தமிழர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இலண்டனில் வாழும் எம்மவர் பலரின் உழைப்பு தாயகத்தில் வீடுகளாக எழுந்துள்ளது. போரில் இடிந்த வீட்டைத் திருத்தியோரும், பெற்றோருக்குப் புதுமனை அமைப்போரும் எம்மிடையே உள்ளனர். அவ்வீடுகளின் அமைப்பு பல வேளைகளில் இங்கிருந்தே, தொலைபேசி வழியாகத் தீர்மானிக்கப்படுகின்றது. ஆனால் அவ்வீட்டுக் காற்றைச் சுவாசிப்பவர்கள் அங்குள்ள எமது உறவுகளே.

முதலில் ஒரு வேறுபாட்டை நாம் உணர வேண்டும். இலண்டனின் குளிர்காலக் காற்றில் நீராவி மிகக் குறைவு. யன்னலைச் சற்று நேரம் திறந்துவிட்டால் வீட்டினுள் தேங்கிய ஈரம் வெளியேறும். யாழ்ப்பாணத்திலோ மாரிகாலத்தில் வெளிக்காற்றே ஈரம் செறிந்தது. அங்கு காற்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கூரையும் சுவரும் ஒழுகாதிருக்க வேண்டும். இன்றேல் பூஞ்சணம் படியும். வெப்பத்தைக் காக்க இறுக மூடப்பட்ட இங்கிலாந்து வீட்டை அங்கு படியெடுப்பது பொருந்தாது.

எமது முன்னோர் அமைத்த நாற்சார் வீட்டின் நடுமுற்றம் சூடான காற்றை மேலே வெளியேற்றியது. பல வளவுகளில் அடுக்களை தனிக்கட்டடமாக நின்றது. ஓலைக் கூரையினூடாகப் புகை கசிந்து சென்றது. இன்று அடுக்களை வீட்டினுள் வந்துவிட்டது. ஓலை போய்க் கொங்கிறீற்று வந்துவிட்டது. விறகு மட்டும் போகவில்லை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது இலங்கையின் நான்கில் மூன்றுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் விறகிலேயே சமைத்தன. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் எரிவாயு கிடைக்காது போகவே, அதனைப் பயன்படுத்திய பலரும் விறகடுப்புக்குத் திரும்பினர்.

விறகுப் புகையில் காபனோரொட்சைட்டும், 2.5 மைக்கிரோமீற்றருக்கும் குறைந்த நுண்துகள்களும் உள்ளன. இத்துகள்கள் நுரையீரலின் ஆழம் வரை சென்று இரத்தத்திலும் கலக்கவல்லவை. காற்றோட்டமற்ற வீடுகளில் இவற்றின் அளவு ஏற்கத்தக்க அளவைப்போல் நூறு மடங்காகலாம் என்கின்றது உலக சுகாதார நிறுவனம். 2020ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் மரணங்களுக்கு வீட்டுப் புகை காரணமென்பது அதன் மதிப்பீடு. அடுப்படியில் அதிக நேரம் நிற்கும் தாய்மாரும், அவர்களுடன் இருக்கும் குழந்தைகளுமே கூடுதலாகப் பாதிக்கப்படுகின்றனர்.

இதற்கு நாம் செய்யக்கூடியவை சில உள்ளன.

முதலாவது, எரிவாயு அடுப்பு வைத்தாலும் விறகடுப்புக்கும் இடம் ஒதுக்கி, கூரைக்கு மேலே உயரும் புகைபோக்கி கட்டுவித்தல். 1980களில் இலங்கையில் உருவான 'அனகி' மண்ணடுப்பு விறகை மிச்சப்படுத்தும். எனினும் அதற்கும் புகை வெளியேறும் வழி வேண்டும்.

இரண்டாவது, ஒவ்வோர் அறையிலும் எதிரெதிரே யன்னல்களும், சுவரின் மேற்பகுதியில் காற்றுத் துவாரங்களும் அமைத்தல்.

மூன்றாவது, அவற்றுக்கு நுளம்பு வலை அடித்தல். டெங்கு அச்சத்தால் யன்னலைப் பூட்டி நுளம்புச் சுருள் கொளுத்துவது வழக்கம். ஒரு சுருள், 75 முதல் 137 வரையான சிகரெட்டுகளுக்கு ஈடான நுண்துகள்களை வெளியிடக்கூடும் என 2003இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது.

நான்காவது, குளிரூட்டியைப் பற்றிய தெளிவு. வீடுகளில் பொருத்தப்படும் சாதாரண குளிரூட்டி வெளிக்காற்றை உள்ளே கொண்டு வருவதில்லை. அறைக் காற்றையே மீண்டும் மீண்டும் குளிர்விக்கின்றது. மூடிய அறையில் பலர் உறங்கினால் காபனீரொட்சைட்டு ஏறிக்கொண்டே போகும். ஆகவே காலையில் அறையைத் திறந்துவிடவும், வடிகட்டியைக் கழுவவும் பழக வேண்டும்.

இவற்றுட் பலவற்றுக்குச் செலவு அதிகமில்லை. கட்டும்போதே செய்தால் எளிது. கட்டிய பின்னர் சுவரை உடைக்க நேரிடும். ஊரிலிருந்து வீட்டுப் படங்கள் வரும்போது முகப்பையும் தரையோட்டையும் பார்த்து மகிழ்கின்றோம். அடுத்தமுறை பேசும்போது, அடுக்களைப் புகை எவ்வழியாக வெளியேறுகின்றது என்பதையும் அம்மாவிடம் கேட்டறியுங்கள் என உங்களை உரிமையோடு வேண்டி அமர்கின்றேன்.