விலையுயர்ந்த அங்காடியும் நம் வீட்டுச் செலவும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் நம் வீட்டுப் பலசரக்குச் செலவு. இதனைச் சபையிற் பேசுதற்குரிய பொருளாகக் கொள்ளலாமோவெனச் சிலர் ஐயுறக்கூடும். மாதந்தோறும் சம்பாத்தியத்தில் ஒரு பெரும்பங்கு எவ்வழியாகச் செல்கின்றதோ அவ்வழியை ஆராய்தல் சிறுமையாகாதென்பது என் துணிபு. அன்றியும், இவ்விஷயம் நமக்கு இருவகையாற் சம்பந்தப்பட்டது. நம்மவரிற் பலர் பலசரக்குக் கடை வைத்துப் பிழைத்தவர், இன்றும் பிழைப்பவர். அவர்தம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமோ உத்தியோகங்களிலமர்ந்து, நகரங்களிலே குளிர்காற்று வீசும் பேரங்காடிகளில் தள்ளுவண்டி தள்ளிச் சாமான் வாங்குகின்றனர். தகப்பனார் கடையிலிருந்து எடுத்துவரக்கூடிய துவரம்பருப்பை மகன் வேறிடத்தில் விலை கூடக் கொடுத்து வாங்கும் குடும்பங்கள் இச்சபையிலேயே உண்டு. ஆதலின் ஒரு பக்கம் சாய்ந்து பேச எனக்கு வசதியில்லை.

உயர்தர அங்காடியென்று நான் குறிப்பது இன்னதென முதலிற் கூறிவிடுகிறேன். தள்ளுபடிப் பலகையை வாயிலிலே தொங்கவிட்டுக் கூட்டத்தை நம்பி நடக்கும் பெருங்கடைகளைப் பற்றி இங்குப் பேச்சில்லை. பளபளக்கும் தரையும், மெல்லிய வாத்திய ஓசையும், வெளிதேசத்துப் பழங்களும், பலவகைப் பாற்கட்டியும், கண்ணாடிப் பெட்டியில் அடுக்கிய ரொட்டியும் உடைய கடைகளையே கூறுகின்றேன். அங்கே நாம் கொடுக்கும் அதிக விலைக்கு ஈடாகக் கிடைப்பது யாது? இதுவே வினா.

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்வோம். இந்தியாவில் உறையிலிட்டு விற்கப்படும் பண்டங்களின்மேல், எல்லா வரிகளும் உட்பட இன்ன விலைக்கு மேற்படலாகாதென அச்சிடவேண்டும் என்ற விதி 1990-இல் ஏற்பட்டது. இப்பொழுது 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும், அதன்கீழ் 2011-இல் வகுக்கப்பட்ட விதிகளும் இதனை ஆளுகின்றன. எம்.ஆர்.பி. என்று நாம் சொல்வது இதனையே. ஆகவே ஒரே தேயிலைப் பொட்டலத்தை, ஒரே சவர்க்காரத்தைக் குளிர்சாதனக் கடைக்காரரும் அச்சிட்ட விலைக்கு மேல் விற்றல் கூடாது. அப்படியாயின் வித்தியாசம் எங்கே பிறக்கின்றது? மற்றக் கடைக்காரர் அச்சிட்ட விலையிலிருந்து குறைத்துக் கொடுக்கின்றனர். உயர்தர அங்காடியினர் பெரும்பாலும் குறைப்பதில்லை. உறையிட்ட பண்டங்களைப் பொறுத்தமட்டில், அதிக விலையென்று நாம் சொல்வது நம் கைக்கு வராத தள்ளுபடியேயாம்.

பிற தேசங்களில் நிலைமை வேறு. இங்கிலாந்தில் இத்தகைய உச்சவரம்பு விலை அச்சிடப்படுவதில்லை. ஒரே சரக்குக்குக் கடைதோறும் விலை மாறலாம். அங்கே ‘விச்?’ என்னும் நுகர்வோர் சங்கத்தார் கடைகளின் விலைகளை மாதந்தோறும் ஒப்பிட்டு வெளியிடுகின்றனர். அவற்றில் வெயிட்ரோஸ் என்னும் உயர்தரக் கடை பெரும்பாலான மாதங்களில் விலை மிகுந்ததாகவும், ஆல்டி அல்லது லிடில் குறைந்ததாகவும் காணப்படும். அமெரிக்காவில் 1980-இல் ஆஸ்டின் நகரில் தோன்றிய ஹோல் ஃபுட்ஸ் என்னும் கடைக்கு, முழுச் சம்பளத்தையும் விழுங்கும் கடையென்று பொருள்படும் பரிகாசப் பெயரை ஜனங்களே சூட்டிவிட்டனர். அக்கடையை 2017-இல் அமேசான் நிறுவனத்தார் வாங்கிய அன்றே சில சரக்குகளின் விலையைக் குறைத்து விளம்பரம் செய்தனரென்றால், அப்பெயர் எவ்வளவு தூரம் பரவியிருந்ததென்பது விளங்கும்.

நிற்க. நம் கணக்கைப் பார்ப்போம். ஒரு குடும்பம் உறையிட்ட சாமான்களுக்கு மாதம் 8,000 ரூபாய் செலவிடுவதாக வைத்துக்கொள்வோம். தெருமுனைக் கடையிலோ தள்ளுபடிக் கடையிலோ நூற்றுக்கு 8 வீதம் குறைத்துக் கொடுப்பதாகவும் கொள்வோம். மாதம் 640 ரூபாய். வருஷத்திற்கு 7,680 ரூபாய். பொட்டலத்தினுள் இருக்கும் பண்டத்தில் அணுவளவும் பேதமில்லை. ஒரே ஆலையிற் செய்து, ஒரே லாரியில் வந்தது. இத்தொகையைக் கொடுத்து நாம் வாங்கியது அக்கடையின் தரையும் காற்றுமே. அது வேண்டுமென்பவர் தாராளமாக வாங்கலாம். ஆனால் பருப்பும் சவர்க்காரமும் வாங்கியதாக எண்ணிக்கொள்ளலாகாது.

அரிசி, பருப்பு விஷயத்தில் இன்னுமொன்றுண்டு. 2022-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் தேதி முதல், 25 கிலோ வரையுள்ள உறையிட்ட அரிசி, பருப்பு, மாவு வகைகளுக்கு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்டது. மூட்டையை அவிழ்த்து நம் கண்முன் நிறுத்துத் தரும் அரிசிக்கு அவ்வரி இல்லை. அழகிய உறையில் ஐந்து கிலோ பொன்னியரிசி வாங்குபவர், உறைக்கும் கொடுத்து வரிக்கும் கொடுக்கின்றார்.

விலை கூடினால் நிறையும் நாணயமும் கூடவே வருமென்று நம்புவோர்க்கு ஒரு செய்தி. முற்கூறிய ஹோல் ஃபுட்ஸ் கடைகளில், முன்கூட்டியே நிறுத்து உறையிட்ட 80 வகைப் பண்டங்களை நியூயார்க் நகரத்து நுகர்வோர் விவகாரத் துறையினர் நிறுத்துப் பார்த்து, எல்லா வகையிலும் நிறை பிழைபட எழுதியிருந்ததாக 2015-இல் அறிவித்தனர். கடையின் தலைவர்கள் மன்னிப்புக் கேட்டனர். அவ்வாண்டின் முடிவில் 5 இலட்சம் டாலர் செலுத்தி விவகாரத்தைத் தீர்த்துக்கொண்டனர். இதனால் உயர்ந்த கடைகள் யாவும் நாணயமற்றவையென்பது பெறப்படாது. நம் தெருக்கடைகளிலும் பால் பாக்கெட்டுக்குக் குளிரூட்டும் செலவென்று சொல்லி அச்சிட்ட விலைக்கு மேல் ஓரிரு ரூபாய் வாங்கும் வழக்கம் உண்டு, அதுவும் சட்டவிரோதமே. தராசைப் பார்க்கவேண்டியது எவ்விடத்தும் வாங்குவோர் கடமை.

இனிக் காய்கறிக்கு வருவோம். இங்கேதான் விஷயம் சுவைப்படுகின்றது. காய்கறிக்கு அச்சிட்ட விலை கிடையாது. ஆகவே அங்காடிக்கும் தள்ளுவண்டிக்கும் உள்ள பேதம் மெய்யான பேதம். சென்னையிலே கோயம்பேட்டு மொத்தச் சந்தையிலிருந்து வரும் அதே கத்தரிக்காய் இரண்டிடத்தும் இருத்தல் கூடும். பின் எதற்கு இருமடங்கு விலை? அங்காடிக்காரர் கோணலையும் சொத்தையையும் கழித்துவிடுகிறார். கழிந்ததின் விலையை நின்றதின்மேல் ஏற்றுகிறார். பொறுக்குகிற வேலையை நமக்காக ஒருவர் செய்கின்றார். அதற்குக் கூலி கொடுக்கின்றோம்.

அவ்வேலையை நம் பாட்டிமார் கூலியின்றிச் செய்தனர். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பார்கள். முருங்கைக்காயை முறுக்கிப் பார்ப்பார்கள். தேங்காயைக் காதோரம் ஆட்டி நீரோசை கேட்பார்கள். மீனின் செவுளைத் தூக்கிச் சிவப்பைக் காண்பார்கள். கீரைக்காரியின் கட்டு இன்று பறித்ததா நேற்றுப் பறித்துத் தண்ணீர் தெளித்ததா என்பதைத் தொட்டவுடன் சொல்வார்கள். இவ்வித்தை இப்பொழுது எத்தனை வீடுகளில் இருக்கின்றது? நம் பெண்களைக் குறைகூற இதனைச் சொல்லவில்லை. ஆண்பிள்ளைகளும் கற்றிருக்கலாமே, யார் தடுத்தார்? வித்தை மறைந்த வீட்டிற்கு உயர்தர அங்காடியின் காய்கறி ஒருவகையில் இலாபமே. மலிவாக வாங்கிப் பாதியைக் குப்பையில் எறிவதைவிட, விலை கூடினும் முழுவதையும் சமைப்பது மேல். வித்தை உள்ள வீட்டாரோ, 1999-இல் தொடங்கிய உழவர் சந்தைக்குக் காலையிற் சென்றால், உழவரிடமே நேரில் வாங்கி இரண்டு பேருக்கும் நன்மை செய்யலாம். வெயிலேறிய பின் செல்வோர்க்கு மிஞ்சினதுதான் கிடைக்கும்.

குளிரிலே வைத்துக் காக்கவேண்டிய பண்டங்களில் மட்டும் நான் அங்காடியின் பக்கம் பேசுவேன். மீன், இறைச்சி, வெண்ணெய், பாற்கட்டி முதலியன வந்திறங்கிய நேரமுதல் விற்குமளவும் குளிர்ச்சி குறையாதிருத்தல் வேண்டும். அதற்குப் பெட்டியும், மின்சாரமும், மின்சாரம் நின்றால் ஓடும் இயந்திரமும் வேண்டும். இவையெல்லாம் மெய்யான செலவுகள். இவற்றிற்காகக் கூடக் கொடுப்பது வயிற்றுக்குக் கொடுப்பதே. ஆயினும் மீன் வாங்குகையில், சொல்லும் விலை சுத்தம் செய்யுமுன் உள்ள நிறைக்கா, செய்தபின் உள்ள நிறைக்கா என்று ஒருமுறை கேளுங்கள். தலையும் குடலும் போனால் கணிசமாகக் குறையும். இரண்டு கடைகளின் விலையை ஒப்பிடும்போது இதை மறந்தால் ஒப்பீடே தவறிவிடும்.

இயற்கை விளைபொருளென்று எழுதி விற்பனவற்றைப் பற்றித் தாய்மார் பலர் கேட்டுள்ளனர். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-இல் வகுத்த விதிகளின்படி, அங்ஙனம் விற்கப்படும் பொருள் அங்கீகாரம் பெற்ற முறையொன்றிற் சான்று பெற்றிருத்தல் வேண்டும். அதற்குரிய முத்திரை உறையின்மேல் இருக்கும். நேரே நம்மிடம் விற்கும் சிறு உழவருக்கு விலக்கு உண்டு. உறையில் முத்திரை இருந்தால் விலையைக் குறித்து யோசியுங்கள். இல்லையேல், பச்சை நிறத்தில் அச்சிட்ட காகிதத்திற்கே விலை கொடுக்கின்றீர்கள். தினையும் சாமையும் வரகும் இப்பொழுது அங்கே பட்டுப்போன்ற உறையில் கொலுவிருக்கின்றன. ஏழையின் கூழ்ப்பானையிலிருந்த தானியம் சீமான் தட்டுக்குச் சென்ற வேடிக்கையை நம் பாட்டனார் கண்டால் சிரித்திருப்பார்.

இனிப் பணத்தால் அளக்கமுடியாத சில உள. கணவனும் மனைவியும் வேலைக்குச் சென்று இரவு எட்டு மணிக்குத் திரும்பும் வீட்டில், நான்கு கடை ஏறி இறங்க நேரமில்லை. முழங்கால் நோவுடைய முதியவர்க்கு மின்தூக்கியும் உட்கார நாற்காலியும் பெரிய உதவி. இன்னுமொன்றும் கூறுவேன், சிலருக்குக் கசக்கலாம். பழைய கடைகளில் வந்தவர் யார், எந்தத் தெரு, யாருடைய மகன் என்று பார்த்துப் பேச்சின் மரியாதை மாறியதுண்டு. சிலருக்கு நாற்காலி, சிலருக்கு வாயிற்படி. பேரங்காடியில் யாவரும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். விலை எல்லாருக்கும் ஒன்றே. இந்தச் சமத்துவத்திற்காகவே சிலர் அங்கே கூடக் கொடுக்கின்றனரென்றால், அவர்களை நான் ஊதாரிகளென்று சொல்லமாட்டேன்; அவர்களை அங்கே அனுப்பினவர் நாமாயிருக்கலாம்.

ஆனால் அந்தஸ்துக்காகச் செல்வோர் வேறு. 2019 ஜனவரி முதல் நம் மாகாணத்தில் ஒருமுறை பயன்படும் பிளாஸ்டிக் பைகள் தடுக்கப்பட்டபின், கடைப்பெயர் பொறித்த துணிப்பையைக் காசு கொடுத்து வாங்கி, அதைத் தெருவெல்லாம் காட்டிச் செல்கின்றனர். விளம்பரம் செய்பவர்க்குக் கடைக்காரர் கூலி தருவதே உலக வழக்கம். இங்கே நாமே கொடுக்கின்றோம்!

தெருக்கடையின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் தேசமெங்கும் அடைப்பு வந்தபோது, எங்கள் தெருவில் வீடுவீடாக அரிசியும் எண்ணெயும் கொண்டுவந்து வைத்து, நோட்டில் எழுதிக்கொண்டு, சம்பளம் வந்தபின் வாங்கிக்கொண்டவர் மூலைக்கடைக்காரரே. அக்கணக்கு நோட்டு எந்தப் பேரங்காடியிலும் கிடையாது. அது நாமெல்லாரும் சாதாரண மாதங்களிலும் அவரிடம் வாங்குவதால் நிற்பது. நாம் அவசரத்திற்கு மட்டும் சென்றால் கடையும் இராது, நோட்டும் இராது.

கடை வைத்திருக்கும் நம்மவர்க்கு ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் 1844-இல் 28 பேர் கூடி, மாவு, வெண்ணெய், சர்க்கரை போன்ற சில சாமான்களோடு ஒரு கடை திறந்தனர். கலப்படமில்லாத சரக்கு, குறையாத நிறை, இலாபத்தில் வாங்கியவர்க்குப் பங்கு என்பன அவர்கள் ஏற்பாடு. அந்நெறியைப் பின்பற்றித் திருவல்லிக்கேணியில் 1904-இல் நகரக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. இவர்களிடம் பளிங்குத் தரை இல்லை. விலைப்பலகை, ரசீது, வாங்குவோர் பக்கம் திரும்பிய தராசு, பழுதான பொருளை முகஞ்சுளிக்காமல் திரும்பப் பெறுதல் ஆகியவை உயர்தர அங்காடிகளில் ஜனங்கள் மெச்சும் குணங்கள். இவற்றிற்கு ஒரு காசும் மூலதனம் வேண்டுவதில்லை. மீனுக்கும் பாலுக்கும் உரிய குளிர்ப்பெட்டிதான் செலவு பிடிக்கும். அதனை அடுத்தடுத்த இரண்டு மூன்று கடைக்காரர் சேர்ந்து வைத்துக்கொள்ளலாமா என்பதைக் கடைக்காரர்களே ஆராய்ந்து சொல்லவேண்டும்.

ஒரு யோசனையோடு நிறுத்திக்கொள்கிறேன். அடுத்த மாதக் கூட்டத்திற்கு வரும் தாய்மார்கள், ஒரு மாதம் உயர்தர அங்காடியிலும் ஒரு மாதம் தெருக்கடையிலும் வாங்கிய ரசீதுகளைக் கொண்டுவந்தால், ஒரே சரக்கு எது, வேறு சரக்கு எது என்று பிரித்து இவ்விடத்திலேயே கணக்குப் பார்க்கலாம். உறையின்மேல் கிராமுக்கு இத்தனை, மில்லிலிட்டருக்கு இத்தனை என்று அச்சிட்டிருப்பதைக் குறித்துக்கொண்டு வாருங்கள். பெரிய பொட்டலமும் சிறிய பொட்டலமும் ஒப்பிட அது உதவும். செயலாளர் அவர்கள் காகிதமும் எழுதுகோலும் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.