மலையாற்றுக்கு ஏற்ற ஓடம்

தைப்பூசத்தில் பக்தர்கள் நீராடும் பத்து ஆறு நமக்குத் தெரியும். பத்துமலைக்கு வடக்கே, கோலகுபு பாருவில், சிலாங்கூர் ஆறு பாறைகளில் மோதி இறங்குகிறது. அங்கே 'கயாக்' என்னும் ஒற்றையாள் ஓடம் விட நம் பிள்ளைகளும் ஆசைப்படுகிறார்கள். ஆசை நல்லதே. ஆனால், எந்த ஓடம் ஏற்றது?

கடல் ஓடம் நீளமானது, சட்டென்று திரும்பாது. பாறை நிறைந்த குறுகிய ஆற்றுக்கு 8 அல்லது 9 அடி போதும். மூக்கு உருண்டு, மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். கூரிய மூக்கு பாறையிடுக்கில் செருகிக்கொள்ளும். ஓட்டுபவரின் எடைக்கும் அது பொருந்த வேண்டும். பழைய ஓடமானால், இருக்கையின் அடியில் விரிசல் உண்டா என்று தடவிப் பார்ப்போம்.

அடுத்து உள்ளமைப்பு. பாதம் ஊன்ற அகன்ற பலகை, முதுகுக்கு அணை, இடுப்பின் இருபுறமும் சிலிப்பர் செருப்பைப் போல நீர் உறிஞ்சாத ஸ்பாஞ்சு ஆகியவை வேண்டும். ஓடம் உடம்போடு பொருந்தலாம். உடம்பைச் சிறைப்பிடிக்கக் கூடாது. பின்புறம் காற்றுப் பை வைத்தால், நீர் புகுந்தாலும் மிதக்கும். தலைக்கவசமும் மிதவைச் சட்டையும் கட்டாயம்.

அமைதியான நீரில், பயிற்றுநர் அருகிலிருக்க, ஓடத்தைக் கவிழ்த்து, இடுப்பைச் சுற்றிய நீர்த்தடுப்புத் துணியின் வாரை இழுத்து வெளியே வரப் பழக வேண்டும். இது கைவராத பிள்ளையை ஆற்றுக்கு அனுப்ப வேண்டாம்.

மலையில் மழை கறுத்தால் 'கெப்பாலா ஆயர்' திடீரெனப் பாய்ந்து வரும். அன்று எவ்வளவு நல்ல ஓடமும் கரையிலேயே இருக்கட்டும்.