கோடையில் ஐரோப்பா: பெட்டி கட்டும் முன்னே

"பத்து நாளில் எட்டு நாடு" என்ற பயணத் திட்டம் கையில் கிடைத்தால் நம்மவர்களுக்கு மகிழ்ச்சி தாங்காது. கொடுத்த வெள்ளிக்கு நிறையப் பார்க்கலாம் என்பது கணக்கு. அந்தக் கணக்கில் விடுபட்டுப் போவது பேருந்தில் கழியும் நேரம். பாரிஸிலிருந்து சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் நகருக்குச் சாலை வழியே ஏறக்குறைய 600 கிலோமீட்டர். கிள்ளானிலிருந்து பினாங்கு போய், பாதி வழி திரும்பி வந்ததற்கு மேல். இதைப் பயணத்தின் நடுவே இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருந்தால், முழங்கால் வலியுள்ள அம்மாவுக்கும் ஐந்து வயதுப் பேரனுக்கும் மிஞ்சுவது களைப்புதான். பல ஆண்டுகள் சேமித்து ஒரு முறை போகும் குடும்பத்திற்கு இரண்டு நாடு, மிஞ்சினால் மூன்று நாடு போதும். ஓர் ஊரில் மூன்று இரவாவது தங்கினால்தான் அந்த ஊர் மனத்தில் நிற்கும்.

எப்போது போவது என்பது அடுத்த கேள்வி. ஐரோப்பியக் கோடை என்பது ஜூன், ஜூலை, ஆகஸ்டு. 2026 முதல் நம் பள்ளி ஆண்டு மீண்டும் ஜனவரியில் தொடங்குவதால், ஆண்டின் நடுப் பள்ளி விடுமுறை மே இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் வருகிறது. இது நல்ல வாய்ப்பு. அந்த நாட்டுப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அப்போது நீண்ட விடுமுறை தொடங்கியிராது. கூட்டமும் விலையும் உச்சத்தைத் தொட்டிருக்காது. ஆகஸ்டு நடுவில் இத்தாலியிலும் பாரிஸிலும் உள்ளூர்க்காரர்களே ஊரைவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்; சிறு கடைகள் பல அடைத்துக் கிடக்கும்.

ஜூன் மாதத்தில் பாரிஸில் சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகிவிடும். வெளிச்சம் இருக்கிறதே என்று சுற்றிக்கொண்டிருந்தால் பிள்ளைகளுக்கு உறக்கம் கெடும். கடிகாரத்தைப் பார்த்து நடப்பதே நல்லது.

ஐரோப்பா என்றாலே குளிர் என்று கம்பளிச் சட்டைகளை அடுக்குகிறவர்கள் உண்டு. கோடையில் நிலைமை வேறு. 2003 ஆகஸ்டில் வீசிய வெப்ப அலையில் அங்கே பல்லாயிரம் பேர், பெரும்பாலும் முதியவர்கள், உயிரிழந்தனர். 2019 ஜூலையில் பாரிஸில் 42.6 பாகை செல்சியஸ் பதிவானது. 2022 ஜூலையில் இங்கிலாந்து முதன்முறையாக 40 பாகையைத் தாண்டியது. வெயில் நமக்குப் புதிதல்ல; ஆனால் அங்கே பழைய தங்குவிடுதிகள் பலவற்றில் குளிர்சாதன வசதி கிடையாது. அறை பதிவு செய்யும்போது இதைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். ஒரு மெல்லிய மேலங்கியும் குடையும் போதும். சுவிஸ் பனிமலைக்கு ஏறுகிறவர்களுக்கு மட்டும் கனமான உடுப்பு தேவை.

கடப்பிதழ் விஷயத்தில் அலட்சியம் கூடாது. மலேசியர்களுக்கு ஷெங்கன் நாடுகள் இருபத்தொன்பதுக்கும் விசா தேவையில்லை. எந்த 180 நாளிலும் 90 நாள் தங்கலாம். ஷெங்கனை விட்டுப் புறப்படும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதமாவது கடப்பிதழ் செல்லுபடியாக இருப்பது கட்டாயம். ஆறு மாதம் இருந்தால் கவலையே இல்லை. 2025 அக்டோபர் 12 முதல் அங்கே எல்லையில் கைரேகையும் முகப்படமும் எடுக்கும் புதிய முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. முதல் முறை நுழைகிறவருக்கு நேரம் பிடிக்கும் என்பதால், இறங்கிய ஒரு மணி நேரத்தில் அடுத்த விமானத்தைப் பிடிக்கும்படி டிக்கெட் வாங்குவது ஆபத்து. ஈடியாஸ் என்ற முன்னனுமதி முறையையும் ஐரோப்பிய ஒன்றியம் அறிவித்துள்ளது. கட்டணம் 20 யூரோ. பயண நாளில் அது தேவையா என்பதை ஒன்றியத்தின் அதிகாரத்துவ அகப்பக்கத்தில் மட்டுமே பார்க்க வேண்டும். அதே தோற்றத்தில் கூடுதல் பணம் பறிக்கும் போலிப் பக்கங்கள் ஏராளம்.

லண்டனையும் சேர்த்துக்கொள்கிறவர்கள் மறக்கக் கூடாத ஒன்று: பிரிட்டன் ஷெங்கனில் இல்லை. 2025 ஜனவரி 8 முதல் மலேசியர்கள் அங்கே போகுமுன் மின்னியல் அனுமதி பெற்றாக வேண்டும். கைக்குழந்தைக்கும் அது தேவை.

இன்னொன்றையும் வீட்டிலேயே சரிபார்க்கலாம். வருமான வரிப் பாக்கி உள்ளவர்களைக் குடிநுழைவுத் துறை தடுத்து நிறுத்தக்கூடும். விமான நிலைய முகப்பில், குடும்பமே வரிசையில் நிற்கும்போது தெரிய வருவதைவிட, துறையின் அகப்பக்கத்தில் அடையாள அட்டை எண்ணை இட்டு முன்கூட்டியே பார்த்துவிடுவது மேல்.

பணம் கட்டும் இடத்தில்தான் பல குடும்பங்கள் கண்ணீர் விடுகின்றன. துன் சம்பந்தன் சாலையில் கடை இருந்தாலும் சரி, புலனத்தில் வரும் விளம்பரமாக இருந்தாலும் சரி, பயண நிறுவனத்துக்குச் சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சின் உரிமம் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு வெள்ளிகூடக் கொடுக்கக் கூடாது. தனிநபர் வங்கிக் கணக்கில் பணம் போடச் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது. தெரிந்தவர், கோயிலில் பார்த்த முகம் என்பதெல்லாம் ரசீதுக்கு ஈடாகாது. சொன்னபடி பயணம் நடக்காவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் ஐந்து வெள்ளி கட்டி, 50,000 வெள்ளி வரை இழப்பீடு கோரலாம். வழக்கறிஞர் தேவையில்லை, ரசீதும் பயணத் திட்டத் தாளும் தேவை.

செலவுக்குக் கொஞ்சம் யூரோ ரொக்கமும் ஒரு வங்கி அட்டையும் போதும். அட்டையை வெளிநாட்டில் பயன்படுத்த வங்கியிடம் முன்பே சொல்லித் திறந்துவிட வேண்டும். அங்கே கடைக்கருவி, "ரிங்கிட்டா, யூரோவா?" என்று கேட்டால் யூரோவையே தேர்ந்தெடுக்கலாம்; ரிங்கிட் என்றால் மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்கு நட்டம். சுவிட்சர்லாந்தில் பிராங்கும் பிரிட்டனில் பவுண்டும் புழங்குகின்றன. நம் மூன்று முனைச் செருகி பிரிட்டனில் அப்படியே பொருந்தும். பிரான்சிலும் ஜெர்மனியிலும் உருண்டை இரு முனை என்பதால் மாற்றுச் செருகி வேண்டும்.

சாப்பாட்டுக்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகத் தடை. நெய், பால்கோவா, கோழி சம்பல் எல்லாம் சுங்கத்தில் போய்விடும். நெத்திலி சம்பலுக்குத் தடையில்லை. பச்சைக் கறிவேப்பிலைக்குச் சான்றிதழ் கேட்பார்கள். டுரியானுக்குக் கேட்பதில்லை, ஆனால் விமான நிறுவனம் அதை ஏற்றிக்கொள்ளாது! மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் "போலோனேஸ்" என்ற குழம்பைக் கண்டால் விலகிக்கொள்ளலாம். காய்கறி சூப் என்றாலும் இறைச்சிச் சாறு கலந்திருக்கலாம். கேட்டுத்தான் குடிக்க வேண்டும். இட்லி, தோசைக்கு ஏங்குகிறவர்கள் பாரிஸில் லா ஷாப்பெல் பகுதிக்குப் போகலாம். அது இலங்கைத் தமிழர்களின் கடைத்தெரு. லண்டனில் ஈஸ்ட்ஹாம், வெம்பிளி. ஜெர்மனியின் ஹாம் நகரில் 2002-இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் ஆலயம் இருக்கிறது. அதன் தேர்த் திருவிழா கோடையை ஒட்டியே வருகிறது.

நீரிழிவு உள்ளவர்கள் இன்சுலினைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்கறைக்குப் போகும் பெட்டியில் அது உறைந்து கெட்டுவிடலாம். மருத்துவரின் கடிதமும், திட்டமிட்ட நாட்களைவிட ஒரு வாரத்துக்குக் கூடுதலான மருந்தும் கையோடு இருக்கட்டும். கோடையில் பாரிஸ் நேரம் நமக்கு ஆறு மணி நேரம் பின்தங்கியது. ஊசி போடும் வேளையை எப்படி மாற்றுவது என்று மருத்துவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். பயணக் காப்புறுதி வாங்கும்போது, முன்பே உள்ள நோய்க்கு அது செல்லுமா என்ற ஒரு வரியைத் தேடிப் படிக்க வேண்டும். பலவற்றில் செல்லாது.

பாரிஸ் மெட்ரோ, ரோம், பார்சிலோனா மூன்றிலும் ஜேப்படி அதிகம். கனமான சங்கிலிகளை வீட்டில் வைத்துவிட்டு, தாலியைச் சட்டைக்குள் மறைத்துக்கொள்வது உத்தமம். கடப்பிதழின் நகல் ஒன்று பெட்டியிலும், இன்னொன்று ஊரில் உள்ள உறவினரிடமும் இருக்கட்டும். தொலைந்தால் முதலில் காவல் நிலையத்தில் புகார், பிறகு மலேசியத் தூதரகம். தூதரகங்கள் தலைநகரங்களில்தான் இருக்கின்றன. பார்சிலோனாவில் தொலைத்தவர் மாட்ரிட் போக வேண்டியிருக்கும்.